பெயர் போடாத புகார்

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினால் நல்ல சேதியாக இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். அன்று காலை சாத்தினார்.

"மூணாம் நம்பர் மெஷின் புகாரை எழுதினது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியணும்மா."

"பேரு வராதுன்னு நாமதானே சார் போட்டிருக்கோம்."

"வெளியில வராது. எனக்குத் தெரிஞ்சா போதும்."

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் உள்வலைத்தளம் அவள் பொறுப்பு. ஷிப்டு அட்டவணை, விடுப்பு விண்ணப்பம், சுற்றறிக்கை எல்லாம் அதில்தான். வெளியாள் எட்டிப் பார்க்க முடியாது. புகார்ப் பக்கத்தின் தலைப்பில் 'எழுதியது யாரென்று எவருக்கும் தெரியாது' என்று போட்டவளும் அவள்தான். யார் எந்தக் கணினியிலிருந்து எப்போது நுழைந்தார்கள் என்று சர்வர் தன் பாட்டுக்குக் குறித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

இருக்கைக்கு வந்து புகாரை மறுபடி படித்தாள். 'பாதுகாப்புக் கதவைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும். நிற்பதில்லை. வேகத்துக்காக, நிறுத்தும் விசையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கை போன பிறகு வருத்தம் தெரிவிக்க வேண்டாம்.' சர்வர் பதிவில் ஓர் ஊழியர் எண் நின்றது. யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கணவனின் அக்கா.

மாமியாரை யார் வைத்துக்கொள்வது என்று வெடித்த சண்டையில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நாத்தனாருக்குக் காய்ச்சல், மகளுக்குப் பரீட்சை என்பதெல்லாம் விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்துத்தான் இவளுக்குத் தெரியவரும். எண்ணைச் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே கூசிப்போனாள். இருப்புக்கொள்ளவில்லை. தாகமில்லாமல் தண்ணீர் குடித்தாள், திறந்த ஃபைலையே மூடித் திறந்தாள், கடைசியில் செல்போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கம்பி இருந்தது. பார்த்தவுடன் தெரியும்படி, துருப்பிடித்து. படம் எடுத்தாள். பக்கத்தில் நாத்தனார் அட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

"வழி தெரிஞ்சுதா?" கை நிற்கவில்லை.

"எழுதினது யாருன்னு கேக்கறாங்க அண்ணி."

நாத்தனார் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்கும் தெரியாதுன்னு போட்டிருந்துச்சே. நீ போட்டதாச்சேன்னு நம்பித்தான் எழுதினேன்."

திட்டியிருந்தால் தேவலை. மாடியேறி இருக்கைக்கு வந்தாள். பதிவை அழிக்கலாம், ஆனால் தலைமை அலுவலகத்தில் இன்னொரு நகல் உட்கார்ந்திருக்கிறது. முதல் வேலையாகத் தலைப்பை மாற்றினாள்: 'எழுதுபவர் யாரென்று நிர்வாகம் நினைத்தால் கண்டுபிடிக்க முடியும்.' பிறகு புகாருக்குக் கீழே படத்தைப் போட்டு, 'நேரில் போய்ப் பார்த்தேன், உண்மை' என்று எழுதித் தன் பெயரையும் எண்ணையும் சேர்த்தாள். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் தயங்கியது. வீட்டில் என்ன சொல்வது? அழுத்திவிட்டாள்.

பார்த்தவர்கள் நான்கு. பதினேழு. அறுபது. மேசைத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. மேனேஜர் அறை எண். எடுக்கக் கை நீட்டியபோது, காலடியில் நாள் முழுக்க இருக்கும் தரையின் அதிர்வு சட்டென்று நின்றது.

தொலைபேசியை அடிக்கவிட்டு ஓடினாள். இரண்டிரண்டு படியாகத் தாவி, திருப்பத்துக் கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். மெஷினைச் சுற்றி எல்லாரும் விலகி நின்றார்கள். மேற்பார்வையாளர் ஒவ்வொருவரிடமாகப் போய் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கண் நாத்தனாரின் கைகளைத் தேடியது. கையுறையைக் கழற்றி மெஷின் மேல் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி தன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.