மத்தியானக் கூரை

ஜானிஸ் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையை மூடியபோது, வேலை போனவர்களுக்கு இலவசப் பயிற்சி என்று சில வகுப்புகளைக் காட்டினார்கள். மற்ற பெண்கள் கேக் செய்யவும் தையலுக்கும் போனார்கள். ஜானிஸ் சோலார் பேனல் பொருத்தும் வகுப்பில் சேர்ந்தாள். கிள்ளானிலிருந்து வகுப்பு நடக்கும் தெலுக் பங்லிமா காராங்குக்கு மோட்டார் சைக்கிளில் போய்விடலாம், வேலையும் சீக்கிரம் கிடைக்கும் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். அவளுடைய தம்பி ஐவன் அந்த வேலையில்தான் செத்தான் என்பது தெரிந்தவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

ஐவன் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கிடங்கின் கூரைமேல் பேனல் மாட்டப் போனவன். பட்டப்பகலில், கயிறு கட்டாமல் நடந்து, கூரை உடைந்து உள்ளே விழுந்தான். அந்த இடத்தைப் போய்ப் பார்க்க ஜானிஸுக்கும் மனசு வரவில்லை, அவன் மனைவி ஸ்டெஃபனிக்கும் வரவில்லை. ஆனால் தம்பி கடைசியாக எதன்மேல் நின்றான் என்ற கேள்வி ஜானிஸை அரித்துக்கொண்டே இருந்தது. வகுப்பில் சேர்ந்ததற்கு உண்மையான காரணம் அதுதான்.

பயிற்சி கொடுத்த சிவநேசன் முதல் நாளே ஒரு பேனலை வெயிலில் சாய்த்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"இதுக்கு சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் படுற வரைக்கும் உயிரோடதான் இருக்கும். நீங்க வயரைக் கழட்டிட்டா செத்துப்போச்சுன்னு நெனைக்காதீங்க."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ஜானிஸுக்குக் கை ஓடவில்லை.

பட்டறைக்குப் பின்னால், ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டுத் தகரம் வேய்ந்த பயிற்சிக் கூரை ஒன்று இருந்தது. மத்தியானம் அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒருநாள் தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள். ஒரு கால் மெதுவாக, ஒரு கால் அழுத்தமாக. மோட்டாரிலிருந்து விழுந்ததிலிருந்து ஐவன் அப்படித்தான் நடப்பான். சோற்றுக் கையோடு வெளியே ஓடி வந்து பார்த்தாள். கூரை வெறுமையாகக் கிடந்தது, அனல் மட்டும் அலையடித்தது.

"சூட்டுல தகரம் விரியும், சத்தம் வரும்லா," என்றார் சிவநேசன்.

தகரம் நொண்டுமா சார் என்று கேட்க நினைத்தாள்.

வகுப்பு முடியும் சமயத்தில் நிஜமான கூரைக்கு அழைத்துப்போனார்கள். அதே ஊரில் ஒரு பழைய தொழிற்சாலை. உள்ளே வெளிச்சம் விழ வேண்டும் என்று தகரங்களுக்கு நடுவே பைபர் தகடுகள் வைத்திருந்தார்கள். தூசி படிந்து அவையும் தகரம் போலவே தெரிந்தன. கால் வைத்தால் உடையும் என்று ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். திருகாணி வரிசையில் மட்டும் நடக்க வேண்டும், கீழே இரும்புச் சட்டம் இருப்பது அங்கேதான்.

ஜானிஸுக்கு ஜோடி பாலன், முன்பு லோரி ஓட்டியவர். இருவரும் கயிறு மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். உச்சி வெயில். வாய் உலர்ந்து போயிருந்தது.

"அக்கா."

நிமிர்ந்தாள். பாலன் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க வாக்கா. இங்க நிழலா இருக்கு."

அது ஐவனின் குரல்தான். சின்ன வயசிலிருந்து கேட்ட குரலில் யாருக்குச் சந்தேகம் வரும்? ஜானிஸ் எழுந்தாள். வரிசையை விட்டு விலகுகிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சிவப்புப் பட்டையைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் நெருங்கினாள். கயிறு எட்டாமல் பின்னால் இழுத்தது. அவள் கை தானாகக் கொக்கியைக் கழற்றப் போயிற்று.

"ஜானிஸ்! எங்க போற?" பாலன் கத்தினார்.

திடுக்கிட்டுத் திரும்பியவளின் கால் பட்டைக்குள் இறங்கியது. தகடு அப்பளம் போல நொறுங்கியது. இடுப்பு வரை உள்ளே போய்க் கயிற்றில் தொங்கினாள். கீழே எட்டிப் பார்த்தால் இருட்டு, குளிர்ச்சி, வெகு தூரத்தில் சிமெண்டுத் தரை. நிழல் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை.

பாலனும் சிவநேசனும் இழுத்துப்போட்டபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

காலில் கட்டோடு பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் ஸ்டெஃபனியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பைத்தியம் என்பாள், இல்லையென்றால் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். ஸ்டெஃபனி வேறொன்று கேட்டாள்.

"என் பேரைச் சொன்னாரா அண்ணி?"

"இல்லம்மா."

"ரெண்டு வருஷமா மாதா கோயில்ல பூசைக்கு அவர் பேரைக் குடுக்கிறேன். ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடலயே." அவள் முகம் இறுகிவிட்டது. "அந்த எடத்துக்குப் போவோம்."

மறுவாரம் இருவரும் ஸ்ரீ கெம்பாங்கான் கிடங்குக்குப் போனார்கள். காவல்காரர் விஷயம் கேட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் உள்ளே விட்டார். கூரையில் ஓரிடத்தில் மட்டும் புதுத் தகடு. அதன் வழியாக வெளிச்சம் தரையில் சதுரமாக விழுந்தது. அந்த இடத்தில் யாரும் சரக்கு அடுக்குவதில்லை என்றார் காவல்காரர்.

ஸ்டெஃபனி வெளிச்சத்துக்குள் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் மேலே சத்தம் கேட்டது. மெதுவாக ஒரு கால், அழுத்தமாக ஒரு கால். கூரையின் மறுகோடியிலிருந்து வந்து, அவள் தலைக்கு நேராக நின்றது. காவல்காரர் வெளியே போய்விட்டார்.

ஸ்டெஃபனி அண்ணாந்து, கோபித்துக்கொண்ட புருஷனைச் சமாதானம் பண்ணுவது போலச் சொன்னாள்:

"எவ்ளோ நேரம் வெயில்ல நிப்பீங்க? கீழ வாங்க. வீட்டுக்குப் போலாம்."

அதற்கப்புறம் சத்தம் இல்லை.

ஜானிஸ் பரீட்சையில் தேறி, கிள்ளானில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்தக் கூரையிலும் அவளை யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயில் வாசலில் ஸ்டெஃபனியைப் பார்ப்பாள். முகம் தெளிந்திருக்கும், கொஞ்சம் சதையும் போட்டிருந்தாள்.

"வீட்டுக்கு வரட்டாம்மா?"

"இன்னொரு நாள் வாங்க அண்ணி. இப்ப போய் உலை வைக்கணும், நேரமாச்சு."

அவள் குடையை விரித்துக்கொண்டு வேகமாகப் போவாள். தனியாக இருப்பவள் யாருக்காக இவ்வளவு அவசரமாகச் சமைக்கிறாள் என்று ஜானிஸ் ஒருநாளும் கேட்டதில்லை.