ஆயிரத்து இருநூறு டிகிரி

சடையனுக்கு அந்த ஒரு பெல்லட் ஒழுங்காய் வந்துவிட்டால் போதும், கொரியாவுக்குப் போய்விடுவான். அங்கே ஆய்வு வேலை தயாராய் இருந்தது. அந்தப் பெல்லட் வந்துவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் மாரியம்மனை வேண்டிக்கொண்டே, வந்தே தீர வேண்டும் என்று வெளியே குதித்தவள் நான். என்ன பிழைப்போ இது!

கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஒன்றில், ஒரே ஆய்வகத்தில் இரண்டு பேரும் முனைவர் பட்டத்துக்கு மாரடித்தோம். பேரியம் ஹெக்சாஃபெரைட் என்ற காந்தப் பொருளில் இரும்பைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கோபால்ட்டும் டைட்டானியமும் சேர்ப்பது அவன் வேலை. சேர்த்தால் காந்தம் எவ்வளவு மாறுகிறது, மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்க வேண்டும். தூளை அழுத்தி, வில்லை மாதிரி பெல்லட்டாக்கி, உலையில் ஆயிரத்து இருநூறு டிகிரியில் சுட்டால் கறுப்பாய் வரும். மற்றக் கலவைகளெல்லாம் அப்படியே வந்துவிட்டன. கடைசிக் கலவை மட்டும் செம்மண் நிறத்திலேயே வந்தது. இரும்பு ஆக்சைடு சேராமல் தனியே நிற்கிறது என்று அர்த்தம்.

"கரும்புக்குத் தண்ணி எறைக்கிற மோட்டாரெல்லாம் ஓடுதுல்ல, வோல்டேஜ் கம்மி, உலை சூடு ஏறல" என்றான். எல்லோரும் நம்பினோம். எங்கள் ஊரில் எது கெட்டாலும் வோல்டேஜ்தானே! நான் மின்வாரியம் வரை போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

நல்ல மழை பெய்த ஒரு நாள், இன்றைக்கு எவனும் மோட்டார் போட மாட்டான் என்று நானே உலையை ஏற்றினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், சடையன் குனிந்து வெப்பத்தை எண்ணூறுக்கு இறக்கிக்கொண்டிருக்கிறான்.

"அடப்பாவி! இன்னா பண்ணிக்கினு இருக்கற?"

அவன் நிமிரவில்லை. "இது வந்துட்டா நான் போவணும், அம்சவள்ளி."

"போவத்தான படிச்ச?"

"கரியாலூர்லேர்ந்து எங்கம்மா தெனமும் போன் பண்ணி எப்ப போறன்னு கேக்குது. நீயாச்சும் போவாதன்னு சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவன் போய்விடுவானே என்று நான் சோறு இறங்காமல் கிடந்தது எனக்குத்தான் தெரியும். "வாயில இன்னா கொழுக்கட்டையா? கேட்டிருக்கலாம்ல?"

"நீயுந்தான் சொல்லல."

போகாதே என்ற சொல் தொண்டை வரை வந்தது. சொன்னால் இருந்துவிடுவான். இத்தனை வருஷ உழைப்பு அந்தச் செம்மண் பெல்லட்டோடு போய்விடும். விழுங்கிக்கொண்டு, வெப்பத்தை மறுபடி ஆயிரத்து இருநூறுக்கு ஏற்றினேன்.

"இப்ப கேளு" என்றேன்.

"ரெண்டு வருஷம் ஆவும். இருப்பியா?"

"இருப்பேன். போய்த் தொல."

பெல்லட் கறுப்பாய் வந்தது. அடுத்த மாதம் அவன் விமானம் ஏறினான்.

இப்போது மூன்றாவது வருஷம் நடக்கிறது. தினமும் கூப்பிடுகிறான். அங்கே பனி, இங்கே புழுக்கம் என்று என்னென்னவோ பேசுகிறோம். எப்போ வருவ என்று மட்டும் நான் கேட்பதில்லை. கேட்டால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவான், அந்தப் பைத்தியம்.