லெந்துக் கூடை

அந்த ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான லெந்து காலத்துக்குக் கைபேசியை விட்டுக்கொடுப்பதென்று சபையில் முடிவாகியது. யோசனை, கோவில் மூப்பர் இரத்தினசிங்கத்தாருடையது. டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் ஞாயிறு பிற்பகலுக்கு டேனியர்களிடம் இரவல் வாங்கிய கோவில் அது. ஆராதனை பாதி ஆங்கிலம், பாதி தமிழ். நடுநடுவே போன் மணி. அவர் வாசலில் ஒரு பிரம்புக் கூடையை வைத்தார்.

"அணைச்சுப்போட்டு இதுக்குள்ள போடுங்கோ. கடவுளோடை மட்டும் கதைப்பம்."

"அக்கான்ரை போனும் போடவேணுமோ, அண்ணை?" என்று அவருடைய மனைவியைக் காட்டி இன்பமலர் கேட்டாள்.

"உங்கடை அக்கான்ரைதான் முதல்."

கை உயர்த்திச் சம்மதித்தவர்களில் அருமைநாயகியும் ஒருத்தி. அவளுடைய தம்பி குலேந்திரன் வன்னியில் யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தான். தை மாதத்துக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அங்கிருந்து தப்பி வந்தவர்கள் யாருடைய போனையாவது வாங்கி ஒருமுறை அழைப்பு எடுப்பார்கள். அதைத் தவறவிட்டால் திருப்பி எடுக்க வழியில்லை. அதனால் அவள் போனைக் கூடையில் போட்டாள், அணைக்கவில்லை. ஞாயிறுதோறும் பாவ அறிக்கையில் அதையும் சேர்த்துக்கொண்டாள்.

பங்குனிக் கடைசியில் அது நடந்தது. டேனியப் போதகர் நீக்கிலாஸ் ஆங்கிலத்தில் மன்றாட்டுகளைச் சொல்ல, சபை தமிழில் "கர்த்தாவே, இரக்கமாயிரும்" என்றது. யுத்தத்தில் அகப்பட்டவர்களுக்காக என்று அவர் சொல்லி நிறுத்தியபோது கூடைக்குள் மணி அடித்தது.

அருமைநாயகி எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் பார்த்தாள், இன்பமலரும் எழுந்து நின்றாள். அந்தோனிதாசன், பாலேந்திரா, பின்வரிசை முழுதும். ஒரே கடையில் மலிவு விற்பனையில் வாங்கிய ஒரே ரகப் போன்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மணி. ஒருவரும் அணைத்திருக்கவில்லை.

இரத்தினசிங்கத்தார் கூடைக்குள் கையை விட்டார். முதலில் எடுத்தது தன்னுடையதை. அது அடிக்கவில்லை. அதைப் போட்டுவிட்டுக் கிளறி, அடிக்கிறதைக் கண்டுபிடித்துக் காதில் வைத்தார்.

"வையாதேங்கோ தம்பி, வையாதேங்கோ! ஆரோடை கதைக்கவேணும்?"

பதிலைக் கேட்டுவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"நாயகி! உன்ரை தம்பி!"

நடுவழியில் ஓடும் பிள்ளைகளை ஏசுகிறவர், தானே அதில் ஓடி வந்து போனை அவளிடம் நீட்டினார்.

"அக்கா, நான்தான். செட்டிகுளம் முகாமிலை நிக்கிறன். பிள்ளையளும் நிக்கினம்."

"சாப்பிட்டியோ?" என்றுதான் அவளுக்குக் கேட்க வந்தது.

"ஓம். வைக்கிறன் அக்கா. பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

அவ்வளவுதான். அவள் அமர்ந்தாள். மகள் மிரியம் எழுந்து போதகரிடம் டேனிஷில் சொன்னாள், மாமா உயிரோடு இருக்கிறார் என்று.

நீக்கிலாஸ் புத்தகத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில், தேவனுக்கு நன்றி என்றார். தமிழில் மறுமொழி வரவேண்டிய இடம். போன் அடிக்காதவர்கள் எல்லாரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். இன்பமலரின் தங்கையைப் பற்றி அன்றைக்கும் தகவல் இல்லை. அவள்தான் முதலில் சொன்னாள்:

"தேவனுக்கு ஸ்தோத்திரம்."

பிறகு எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கோவிலில் அவ்வளவு சத்தமாக அவர்கள் எதையும் சொன்னதில்லை.

ஆராதனை முடிய இன்பமலர் கூடையை எட்டிப் பார்த்தாள். "அண்ணை, உங்கடை போனும் வெளிச்சமாக் கிடக்குது."

"அணைக்கத்தான் நினைச்சனான்," என்றார் இரத்தினசிங்கத்தார். "எங்கடை மருமோளின்ரை ஆக்களும் வன்னிக்குள்ளை எல்லோ."

"சரி சரி. கடவுள் எடுத்தாலும் எடுப்பார்."

அடுத்த ஞாயிறு கூடை வாசலில் இல்லை. பீடத்துக்கு முன்னால், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது. அணைக்கும்படி அவர் சொல்லவில்லை.

அருமைநாயகி மட்டும் தன்னுடையதை அணைத்துவிட்டுப் போட்டாள். இனி மணி அடித்தால் அது வேறு ஒருவருக்காக இருக்கட்டும். யாரும் வீணாக எழுந்து நிற்கக்கூடாது.