ஐந்தாவது ஆள்

1

இந்தக் கதை என் தோள்பட்டையிலிருந்து வந்தது. கை தலைக்கு மேல் எழ மறுத்து, சட்டை மாட்டுவதே பெரும்பாடாகிப்போன நாட்களில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய்வந்துகொண்டிருந்தேன். வலிக்கிற கட்டம் வரும்போதெல்லாம், நான் கத்தாமல் இருப்பதற்காக, அவர் ஏதாவது கதை சொல்வார். அப்படித்தான் ஒருநாள், கொள்ளைநோய்க் காலத்தில் கல்லூரி அணிக்காகக் கூடைப்பந்து ஆடியதைச் சொல்லத் தொடங்கினார்.

எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க சார். ஆனா பொய் எழுதினா கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்குவேன்."

ஆக, வாசகரே, இந்தக் கதையின் உண்மைக்கு என் தோள்தான் ஜாமீன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: உலகமே மூச்சடக்கி முடங்கிக்கிடந்த அந்த வருடத்தில், ஆளில்லாத அரங்கில் ஒரு பந்து மட்டும்

(நிறுத்திவிட்டேன். பந்துக்கு என்ன தெரியும்? ஆளிடமிருந்து தொடங்குவோம்.)

அவளைக் கேன் என்று கூப்பிடுவார்கள்.* அணியில் சேர்ந்த நாளிலிருந்து ஓர் ஆட்டத்திலும் இறங்காமல், மற்றவர்களுக்குத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். மோசமாக ஆடுபவள் இல்லை. அவள் ஆட வேண்டிய இடத்தில் ஒட்டகம் ஆடினாள், அவ்வளவுதான். ஒட்டகம் நெடுநெடுவென்று வளர்ந்தவள். கூடைக்குக் கீழே அவள் நின்றால் மற்றவர்களுக்குப் பந்து கண்ணில்கூடப் படாது. விடுதியில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே சார்ஜர், தினமும் ஒரே சண்டை: ஃபேனை எந்த வேகத்தில் வைப்பது.

(அன்றைய பெண்ணை 'அவள்' என்கிறேன். வளர்ந்து என் தோளைப் பிடித்துவிடுபவரை அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.)

* கோபம் வந்தால் ஒட்டகம் இதையே 'கேனை' என்று நீட்டுவாள்.

அந்த வருடம் விடுதியில் ஒரு மாடியை அணிக்கு ஒதுக்கிவிட்டு மற்ற எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்ட நாளில் காலையிலேயே வரிசையில் நின்று மூக்கில் குச்சி விட்டுக்கொள்ள வேண்டும். தொற்று என்று வந்தால், வராந்தாவின் கோடியிலிருந்த அறைகளில் தனியே கிடக்க வேண்டும். பார்வையாளர் கிடையாது. கைகுலுக்கக் கூடாது. களத்துக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு ஆள்நீளம் தள்ளித் தள்ளி நாற்காலி. ஆனால் களத்துக்குள் போய்விட்டால் எதிராளியின் கழுத்தில் மூச்சுவிட்டுக்கொண்டே ஆடலாம்.

"கிருமிக்கும் ரூல் தெரியும்னு நெனச்சாங்க போல," என்றார் பிசியோதெரபிஸ்ட்.

3

அரையிறுதி நாள் காலை. வீட்டுக்குப் போனவர்கள் போக, கோடி அறைகளில் படுத்தவர்கள் படுக்க, அணியில் ஆறு பேர் மிஞ்சியிருந்தார்கள். களமிறங்க ஐந்து பேராவது வேண்டும். கோச் சார் முடிவுகளை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணே சேதியைச் சொல்லிவிட்டது.

"ஒட்டகம், நீ கோடி ரூமுக்குப் போம்மா." பிறகு, "கேன், இன்னைக்கு நீ ஆடற."

இந்த இடத்தில் நான் எழுதியது: கேன் துடித்துப்போனாள். தோழியின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், கண்ணீர்

அடுத்த முறை போனபோது இதை வாசித்துக்காட்டினேன். என் கை காதைத் தாண்டி மேலே போனது.

"அய்யோ! என்ன தப்பு?"

"நான் துடிக்கல சார். சந்தோஷப்பட்டேன்."

"அதிர்ச்சில ஒண்ணும் புரியாம..."

"இல்ல, நல்லா குளுகுளுன்னு சந்தோஷம். பயமும் இருந்துச்சு. அவளுக்கு ஏற்கெனவே வீசிங். அவ இருமினா வெந்நீர் வெச்சுக் குடுக்கறதே நான்தான். ஆனா என் பேரைச் சொன்னதும் மொதல்ல வந்தது சந்தோஷம். பயம் அதுக்குப் பின்னாடி ஓடி வந்துச்சு. ரெண்டும் எப்படி ஒரே ஆளுக்குள்ள இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன்."

நானும் யோசிக்கிறேன். மனித மனத்தைப் பற்றி எழுதியே காலம் தள்ளுபவன். இதற்கு ஒரு சொல் அகப்படவில்லை.

ஒட்டகம் போர்வையைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்து போனபோது கேன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை, சிரிப்பு வெளியே தெரிந்துவிடுமோ என்று. தானும் மாஸ்க் போட்டிருப்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

4

ஆளில்லாத அரங்கில் எல்லாமே கேட்கும். ஷூ கீச்சிடுவது, எதிரணிக் கோச் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவது, விளக்குகளின் ரீங்காரம். களத்தோரத்தில் ஒரு ஸ்டாண்டில் செல்போனை நிறுத்தி ஆட்டத்தை ஒளிபரப்பினார்கள். கோடி அறையில் ஒட்டகம் பார்த்துக்கொண்டிருப்பாள். கேன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் பாதியில் தொட்டதெல்லாம் சொதப்பல். இடைவேளையில் கோச் சார் வந்தார். "பந்து கடிக்காதும்மா. தைரியமாப் புடி."

இரண்டாம் பாதியில் எதிரணிப் பெண் ஒருத்தி இடித்த இடியில் கேன் தரையோடு தரையாகச் சறுக்கி விழுந்தாள். இடித்தவள் கை நீட்டினாள். சட்டென்று ஏதோ நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டு முழங்கையை நீட்டினாள். முழங்கையைப் பிடித்து எழுவது எப்படி என்று இருவருக்குமே தெரியவில்லை. தட்டுத்தடுமாறி எழுந்து, இருவரும் சிரித்துவிட்டார்கள். அதோடு கேனின் நடுக்கம் போன இடம் தெரியவில்லை. அதன் பிறகு கூடையில் பட்டுத் திரும்பிய பந்துகளையெல்லாம் அவள் எம்பி எம்பிப் பிடித்தாள். கடைசிப் பந்தும் அவள் போட்டதுதான். ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். கைதட்டியது கோச் சார் ஒருவர்தான். அந்தச் சத்தம் அரங்கம் முழுக்க அலைந்துவிட்டு வந்தது.

(இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல முடிவுதான். ஆனால் அவர் இங்கே முடிக்கவில்லை.)

இறுதி ஆட்டம் நடக்கவில்லை. இன்னொருத்திக்கும் தொற்று வர, நான்கு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அணி விலகிக்கொண்டது. ஒட்டகம் தேறிவிட்டாள். அடுத்த வருடம் அவள் இடத்தில் அவளே ஆடினாள். கேன் தண்ணீர் நிரப்பினாள். அவள் வாழ்நாளில் ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான்.

5

ஜெயித்த அன்று மாலை கேன் கோடி அறைக்குப் போய், சாத்திய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது பாதி சூப்பர்டி," என்றது உள்ளிருந்து வந்த குரல். நடுவில் இருமல்.

"மூச்சு எப்படி இருக்கு?"

"பரவால்ல. வாசனைதான் ஒண்ணும் தெரியல." மறுபடி இருமினாள். "ஏய், ஒண்ணு கேக்கவா? காலைல நான் போறப்ப ஏன் நீ நிமிர்ந்துகூடப் பாக்கல?"

இதைச் சொல்லிவிட்டு பிசியோதெரபிஸ்ட் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏதோ சொன்னேன். அது சரியான பதிலான்னு எனக்கே இன்னும் தெரியல. நீங்களே எழுதிக்கோங்க."

எழுதிப் பார்த்தேன். 'லேஸ் கட்டிட்டிருந்தேன்' என்று அவளைச் சொல்லவைத்தேன். பொய்யில்லை, ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு அவளால் ஒட்டகத்தோடு ஒரே அறையில் மறுபடி தூங்க முடியுமா? சரி, உண்மையைச் சொல்லட்டும் என்று 'சிரிச்சிட்டிருந்தேன்டி' என்று எழுதினேன். உடனே உள்ளிருந்து ஒட்டகம், 'நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்' என்றாள். அடித்துவிட்டேன். ஃபேன் வேகத்துக்கே ஒரு வாரம் பேசாமல் இருப்பவள் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பாளா? அவள்

இனி உங்கள் பாடு, வாசகரே. கேன் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே ஒட்டகம் இருமலை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். ஏதாவது சொல்லுங்கள். மெல்லிய கதவுதான், கத்த வேண்டியதில்லை.