வெர்னன் வீட்டு ஓட்டு

புதிதாகக் கட்டிய உயர்நிலைப் பள்ளிக்கு நாட்டின் முன்னாள் அதிபரின் பேரை வைப்பதா வேண்டாமா என்று ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம் அது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கிற ஊர். அந்த மனுஷர் ஆட்சியை விட்டுப் போய் எத்தனையோ வருஷமாகியும், காப்பிக் கடையில் அவர் பேரை எடுத்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஊரில் வேறு பேரே கிடைக்கவில்லையாக்கும்!

பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கக்கூட இடமில்லை. ஆளுக்கு மூன்று நிமிடம். சீட்டில் பேரெழுதிக் கொடுத்துவிட்டு மைக் முன்னால் வந்து பேச வேண்டும். பேசுவதை வார்த்தை விடாமல் எழுதுவது பள்ளி வாரியத்தின் எழுத்தர் ஆர்லீனின் வேலை. எழுத்தர் கருத்துச் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதி அவளுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

ஏனென்றால் அவள் வயிற்றுக்குள் ஒரு பொய் கிடந்தது. கோடி என்று பேர் வைத்த அவளுடைய ஒரே மகன், அந்த அதிபர் தொடங்கிய போரில் செத்தவன். அவர் இரண்டாம் முறை நின்ற தேர்தலுக்கு முந்தின வாரம், பாலைவனத்திலிருந்து போன் பண்ணினான். "அம்மா, இந்தத் தடவை அந்த ஆளுக்கு ஓட்டுப் போடாதம்மா. அவரே வந்தா எங்களை இன்னும் ஒரு வருஷம் இங்கயே போட்டுடுவாங்க." சரிடா கண்ணா என்றாள். போய் அவருக்கே போட்டாள். போரை நடுவில் விட்டால் பிள்ளை பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும் என்று அன்றைக்கு அந்தப் பாழும் புத்திக்குத் தோன்றியது. அடுத்த மார்ச் மாதம் இரண்டு ராணுவ அதிகாரிகள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். பிறகு ஒருநாள் யாருக்குப் போட்டாய் என்று கணவன் வெர்னன் கேட்டபோது, "அவருக்கு நான் போடல" என்று சொல்லிவிட்டாள்.

வேறென்ன சொல்வாள்? வெர்னன் லேசுப்பட்ட ஆளில்லை. கூடப் பிறந்த தம்பி லாயிட் அதே ஆளுக்கு ஓட்டுப் போட்டதாக ஒத்துக்கொண்ட அன்றைக்கே அவன் உறவை வெட்டிவிட்டான். இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் ஒரே வேலிதான். பதினெட்டு அறுவடை முடிந்தும் வேலிக்கு அந்தப் பக்கம் இவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலில் டிராக்டர் விற்கிற மெர்ல் மைக்கைப் பிடித்தார். "அந்த மனுஷன் இருந்தப்பதான் நாடு நாடா இருந்துச்சு. சோளத்துக்கு விலை இருந்துச்சு."

"உன் டிராக்டர் வித்துச்சு, அதைச் சொல்லு!" என்று ஒரு பெண் குரல் கொடுத்தாள். சிரிப்பும் கூச்சலும் எழுந்தன.

மெர்லுக்கு முகம் சிவந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சிரிங்க, சிரிங்க. நம்ம கோடி எதுக்காக உயிரை விட்டான்? அவனுக்கு மரியாதை செய்யணும்னா அந்தப் பேரைத்தான் வைக்கணும்!"

ஆர்லீனின் பேனா நின்றது. வெர்னன் நாற்காலியைத் தள்ளிவிட்டு மைக்குக்கு வந்துவிட்டான்.

"என் புள்ள பேரை உன் வாயால சொல்லாதே மெர்ல். பல்லு எகிறிடும். அவனைக் கொன்னது நீங்க போட்ட ஓட்டு. அதோ, பின்னால தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கானே என் தம்பி, அவன் போட்ட ஓட்டு. எங்க வீட்டிலேருந்து அந்த ஆளுக்கு ஒரு ஓட்டுகூடப் போகல. எங்க கை சுத்தம். ஆர்லீன், எழுதிக்கோ. வார்த்தை மாறாம எழுது."

கூட்டமே திரும்பி லாயிடைப் பார்த்தது. அறுபது வயசு மனுஷன், ஊர் பார்க்க உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதான். ஆர்லீன் பேனாவைத் தாளில் வைத்தாள். எழுதிவிட்டால் தீர்ந்தது. ரகசிய ஓட்டு, யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் கை போகவில்லை. எழுந்துவிட்டாள்.

"ஆர்லீன், எழுத்தர் பேசக் கூடாது" என்றாள் வாரியத் தலைவி மார்ஜரி.

"தெரியும். நாளைக்கு வேற ஆளைப் பாத்துக்கோ மார்ஜரி." மைக்கை அவள் பிடித்த பிடியில் அது கிரீச்சிட்டது. "அந்த அதிபர் நல்லவரா கெட்டவரான்னு நீங்க அடிச்சுக்கோங்க. லாயிடைக் கொலைகாரன்னு மட்டும் என் கையால எழுத மாட்டேன். நானும் அவருக்குத்தான் போட்டேன். போடாதம்மான்னு கோடி போன்ல கெஞ்சினான். சரின்னு சொல்லிட்டுப் போட்டேன்."

"என்ன உளர்றே?" என்றான் வெர்னன்.

"உளறல. உன்கிட்ட சொன்னதுதான் பொய்."

அவன் அவளைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். "பதினெட்டு வருஷமா இவன் மூஞ்சில நான் முழிக்கல. நீ பக்கத்துலயே படுத்திருந்தே."

"அண்ணே, அண்ணியை விடுண்ணே" என்று லாயிட் எழுந்தான்.

"நீ உக்காரு!" வெர்னனின் குரல் உடைந்தது. "உங்கள்ல யாரைன்னுடா நான் மன்னிக்கிறது? ஒருத்தரை மன்னிச்சா இன்னொருத்தரையும் மன்னிக்கணும். என்னால முடியலையே!"

எல்லோரும் அவரவர் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னன் வாசலை நோக்கி நடந்தான். இத்தனை பேர் முன்னால் எல்லாம் போன பிறகு இனி என்ன வெட்கம் என்று ஆர்லீன் கேட்டேவிட்டாள்.

"நான் வீட்டுக்கு வரட்டுமா, வேண்டாமா? இங்கயே சொல்லிட்டுப் போ வெர்னன்."

அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். திரும்பவில்லை.

"வா. உன் வீடுதானே" என்றான். "கோடி ரூமுக்குள்ள மட்டும் போகாதே."