எதுவும் முளைக்காத பிளேட்

இன்குபேட்டரைத் திறந்து ஆனந்தி தன் பிளேட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வீட்டுத் தண்ணீரிலிருந்து கிருமி வளர்க்க வைத்த மூன்றிலும் ஒன்றுமே வளரவில்லை. அகார் கூழை ஊற்றிய அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. பக்கத்தில் சிவசங்கரியின் பிளேட்டுகள். கல்லூரிக்குப் பக்கத்துச் சித்தூரில் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து அவள் இறைத்து வந்த தண்ணீரிலிருந்த கிருமிகள் கோடு பிடித்து வளர்ந்து, பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன. பாடப்புத்தகத்தில்கூட அவ்வளவு அழகான படம் கிடையாது. ஊரில் அடுத்தவள் நகையைப் பார்த்து வயிறு எரிவார்கள், சேலையைப் பார்த்து எரிவார்கள். அடுத்தவள் கிணற்றில் கிடக்கும் மலக்கிருமியைப் பார்த்து வயிறு எரிய வேண்டுமென்றால் மைக்ரோபயாலஜிதான் படிக்க வேண்டும்.

சிவசங்கரியைப் பார்த்து எரிச்சல்படுவது ஆனந்திக்குப் புதிதும் அல்ல. அவள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஒரே பஸ். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் லேப் முழுக்க மணக்கும். லேப் நடத்தும் நிமி டீச்சரிடம் கூச்சமில்லாமல் மலையாளத்தில் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். ஆனந்தி சின்னக்கானலில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஹாஸ்டல் சாம்பாரும் யோசித்து யோசித்துப் பேசுகிற மலையாளமும்தான் அவளுக்கு வாய்த்தது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தனக்குத்தான் வெற்றி என்று நம்பியிருந்தாள். மழை பிடித்தால் லயத்தில் வீட்டுக்கு ஒருவராவது டைபாய்டில் படுப்பார்கள். அந்தக் குழாய்த் தண்ணீரில் கிருமி இல்லாமலா போகும்? யாருடைய வேலை நன்றாக வருகிறதோ அவளைத் திருவனந்தபுரத்தில் ஒரு தொற்றுநோய் ஆய்வகத்துக்கு இரண்டு மாதம் அனுப்புவதாக டீச்சர் சொல்லியிருந்தார். இடம் ஒன்றுதான். இன்று மாலை பெயர் போயாக வேண்டும்.

தண்ணீரை லூப் கம்பியால் தொட்டுப் பிளேட்டில் கோடாக இழுத்துவிட்ட அன்று ஹாஸ்டல் வார்டன் கூப்பிட்டதால் ஆனந்தி பாதியில் எழுந்து போயிருந்தாள். "நீ போய்ட்டு வா புள்ள, நா போட்டு வெச்சர்றேன்" என்று சிவசங்கரிதான் லூப்பை வாங்கிக்கொண்டாள். நெருப்பில் சிவக்கக் காய்ச்சிய கம்பியை ஆறவிடாமல் தண்ணீரில் முக்கினால் கிருமி அங்கேயே வெந்து செத்துவிடும். அவசரத்திலும் முக்கலாம், வேண்டுமென்றும் முக்கலாம். மீதித் தண்ணீரையும் பழையதாகிவிட்டது என்று கொட்டியாகிவிட்டது. நினைக்க நினைக்க ஆனந்திக்குக் காது சூடானது. நேராக டீச்சரின் அறைக்குப் போனாள்.

"என் பிளேட்ட நான் போடல டீச்சர். சிவசங்கரிதான் போட்டா. லூப்ப ஆற வைக்கல."

"நீ கண்டோ?"

"கண்டேன்."

அந்த ஒரு சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. டீச்சர் சிவசங்கரியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் கண்ணாடியைக் கழற்றி துப்பட்டாவில் துடைத்தாள்.

"ஆற வெச்சுத்தானுங்க டீச்சர் போட்டேன். ஆனா ஆனந்தி பாத்தேங்கறா. எனக்கே தெரியாம தப்புப் பண்ணிப்போட்டனோ என்னமோ."

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது ஆனந்திக்கு. டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கூட்டுகாரியோட சாம்பிள இப்படிக் கெடுத்தா அங்க எப்படி அனுப்பறது மோளே? ஆனந்தி பேரு போகட்டே. சாய குடிச்சு வந்து மெயில் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போனார்.

ஆனந்தி வராந்தா முனைக்கு ஓடி அம்மாவைக் கூப்பிட்டாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்த குருவம்மாள் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"என்ன தாயி, நம்ம தண்ணி பாஸாயிருச்சா?"

"திருவனந்தபுரத்துக்கு என்னையத்தான் அனுப்புறாங்கம்மா!"

"எனக்குத் தெரியும்லா! அதுக்குத்தான அம்புட்டு மெனக்கெட்டேன்."

"என்ன மெனக்கெட்ட? பாட்டில்ல குழாத்தண்ணியப் புடிச்சு வைன்னுதான சொன்னேன்?"

"சொன்ன. புடிச்சுப் பாத்தா கலங்கலா வருது. காலேஜுக்குப் போற தண்ணிய அப்பிடியா குடுத்து விடுவாக? முந்துன ராத்திரியே நல்லாக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, என் புதுச் சேலையில வடிகட்டில்ல ஊத்துனேன். இந்தத் தண்ணியக் குடிச்சா இவ வளந்தான்னு உன்னைய ஒருத்தரும் சிரிச்சிறக் கூடாதுல்ல."

"ஏட்டி, கேக்குதா?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டாள். பிறகு யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

பாட்டிலில் தண்ணீரை ஆனந்தியே அல்லவா பிடித்திருக்க வேண்டும். ஊருக்குப் போயிருந்த அன்று குளிருக்குப் பயந்து போர்வைக்குள் கிடந்துவிட்டு அம்மாவிடம் விட்டாள். அம்மாமேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அழுகைதான் வந்தது. இப்போது தெரிந்த பிறகும், பெயர் தன் பெயராகவே போய்விடட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று அடம் பிடித்தது. அம்மா இந்நேரம் நிறுவைக்கு நிற்கிற எல்லோரிடமும் சொல்லியிருப்பாள்.

லேப் வாசலுக்கு வந்தாள். உள்ளே சிவசங்கரி தனியாக இருந்தாள். புதிதாக ஒரு பிளேட் ஊற்றி வைத்திருந்தாள். லூப்பை நெருப்பில் காட்டினாள், சிவந்தது. எடுத்து, உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டே காத்திருந்தாள். பிறகு அகாரின் ஓரத்தில் கம்பியை மெல்லத் தொட்டுவிட்டு, காதைப் பிளேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். திரும்பவும் நெருப்பு, திரும்பவும் எண்ணிக்கை, திரும்பவும் காது. அந்தப் பிளேட்டின் ஓரமெல்லாம் கம்பி தொட்ட தடமாக இருந்தது.

நிமிர்ந்தவள் ஆனந்தியைப் பார்த்துக் கை காட்டிக் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது.

"இங்க வா புள்ள. சூடு இருந்தா சொய்ங்குனு சத்தம் வரோணுமல்ல? எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. நீதான் பாத்தியே, அன்னைக்கு எப்படிப் புடிச்சிருந்தேன்னு கொஞ்சம் காட்டு."

லூப்பை நீட்டினாள். படிக்கட்டில் நிமி டீச்சரின் செருப்புச் சத்தம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.