எண்ணெயில் படிந்த சேறு

எண்ணெய் ஃபில்டரை வெட்டித் திறந்ததும், விமானப் பராமரிப்பைச் சரிபார்க்கும் பிரெசில்லாவுக்கு முகம் சுருங்கியது. மடிப்பெல்லாம் கறுப்புச் சேறு. இராமநாதபுரத்துக்கு வெளியே இருந்த அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் இருந்ததே ஒரு சிறு விமானம்தான். அதன் எஞ்சினுக்கு மூன்று வாரம் முன்பு எண்ணெய் மாற்றியதாக மெக்கானிக் சேதுபதி கையெழுத்துப் போட்டிருந்தார். அடைமழையால் விமானம் அதன்பின் பறக்கவே இல்லை. பிறகு எப்படி இவ்வளவு கசடு?

மாற்றாமலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று முடிவு செய்தாள். அவரிடம் கேட்கவில்லை, மேலாளருக்கு எழுதிக் கொடுத்தாள். மறுநாளே சேதுபதியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இந்த முறை அவளே எண்ணெய் மாற்றினாள். யார் கழற்றினாலும் தெரியும்படி ஃபில்டரில் கம்பி முறுக்கி முத்திரை வைத்தாள். மழை விடவில்லை, விமானமும் பறக்கவில்லை; மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முத்திரை அப்படியே இருந்தது. உள்ளே அதே சேறு.

அதன்பின் காவலாளி தவசி சிரித்தால்கூட அவளுக்குச் சந்தேகம் வந்தது. எஞ்சின் ஓடிய நேரம் காட்டும் மீட்டரைப் பார்த்தாள். பறக்காத விமானத்தில், அவள் எண்ணெய் மாற்றிய நாளுக்குப் பிறகு மூன்று மணி நேரம் கூடியிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பே வந்து கொட்டகைக்குப் பின்னால் நின்றாள். விமானி வில்பிரட் வந்தார். விமானத்தை வெளியே தள்ளி எஞ்சினைக் கிளப்பினார். பத்து நிமிடத்தில் அணைத்தார்.

"என்னண்ணே பண்றீக?"

வில்பிரட் திடுக்கிட்டார். "சும்மா கெடந்தா துருப்பிடிச்சிரும்ல? அதான் தெனமும் செத்த நேரம் ஓட்டுறேன்."

"எண்ணெய் சூடே ஏறலையேண்ணே! பெட்ரோல் எரியுறப்ப தண்ணியும் உண்டாகும். மேல பறந்து நல்லா சூடானாத்தான் அது ஆவியாப் போகும். இப்பிடி அணைச்சா எண்ணெயிலயே தங்கிச் சேறாயிரும்."

"நல்லதுன்னுல்ல நெனச்சேன்," என்றார் அவர்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றே பரமக்குடிக்கு பஸ் ஏறினாள். சேதுபதியின் வீட்டு வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

"ஏங்கிட்ட ஒரு வார்த்தை கேட்ருக்கலாம்ல?"

"தப்புத்தாண்ணே. வேலைக்கு வாங்க."

வந்தார். ஆனால் அதுவரை 'தங்கச்சி' என்றவர் 'மேடம்' என்று மாறிவிட்டார். ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் அவள் வந்து நிற்கும்வரை ஸ்பானரைத் தொடுவதில்லை.

"மேடம், பாத்துக்கங்க," என்பார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.